பன்னிரண்டு மில்லிமீட்டர்

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள் பிருந்தா.
முடி நனைந்து ஒட்டிக் கிடக்க
மேலிருந்து பார்த்தால்
வலது பின்மண்டை
யாரோ உள்ளங்கையால் அமுக்கி வைத்த மாதிரி.
வலக்காது ஒரு நூல் முன்னால் நகர்ந்திருந்தது.

இன்குபேட்டரில் பத்தொன்பது நாள்.
எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தீர்கள் என்று
அப்போது நாங்கள் கேட்கவில்லை.
உயிரைத்தான் கேட்டோம்.

கோயமுத்தூர், அவிநாசி ரோடு, மூன்றாம் மாடி.
டாக்டரம்மா கவராயம்போல் ஒன்றைக்
குறுக்கே வைத்தார், மாற்றி மறுகுறுக்கே வைத்தார்.
பன்னிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.
'போட்டாலும் தப்பில்லைங்க, விட்டாலும் தப்பில்லைங்க.
மூளைக்கு ஒண்ணுமில்லை.
எலும்பு இளசா இருக்கறப்பவே முடிவு பண்ணிக்கோணும், அவ்வளவுதான்.'
நாளைக்கு இருபத்துமூன்று மணி நேரம்.
நாலு மாதம். ரெண்டேகால் லட்சம்.
மேசைமேல் மாதிரிக்கு ஒன்று கவிழ்ந்திருந்தது,
வெளியே யானைப் படம், உள்ளே பஞ்சு.

நான் திருப்பூரில், அனுப்பர்பாளையத்துப்
பனியன் கம்பெனியில் கியூசி.
குழந்தைத் துணிதான் எங்கள் ஆர்டர்.
ஆறுமாதச் சட்டைக்குக் கழுத்து
இழுத்தால் இத்தனை விரியோணும் என்று
டென்மார்க்கிலிருந்து சீட்டு வரும்.
தலை நுழைந்தால் போதும் அவர்களுக்கு.
தலை எப்படி இருக்கோணும் என்று
எந்தச் சீட்டிலும் ஒரு வரி கிடையாது.
அரை சென்டிமீட்டர் கூடக்குறைய, பாஸ்.
ஒண்ணேகாலுக்கு எத்தனை பீஸைத் தள்ளியிருக்கிறேன்
தைத்தவள் முகத்தைப் பார்க்காமல்.

கட்டிங் மாஸ்டர் துரைராசு சொன்னார்:
பொட்டப்புள்ளதானுங்களே, முடி மூடிக்கும்.
அதை அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன்.
பிருந்தா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.
'அடுத்த தையில முடியிறக்கறப்போ
அவரு வந்து மூடுவாருங்களா?'

சித்திரை வெயில், சிமெண்ட் ஷீட் வீடு,
இப்பவே கழுத்தெல்லாம் வேர்க்குரு,
பச்சைமண்டைமேல் மூடி போடறதா என்றேன்.
அது திங்கட்கிழமை.
வியாழக்கிழமை ராத்திரி
சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாம் என்று
நான் வாயெடுக்கும்போது
'பாவமுங்க, வேண்டாமே' என்கிறாள் அவள்.
நடுவழியில் எங்கேயோ
ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே
தாண்டிப் போயிருக்கிறோம்.

கட்டிலைத் திருப்பிப் போட்டாயிற்று.
கழுத்துப் பயிற்சி நாளைக்கு ஐந்து தடவை,
ஐந்து தடவையும் அழுகை.
கிலுகிலுப்பையை நான் இக்கட்ட ஆட்ட
அவள் அக்கட்டதான் பார்க்கிறாள்,
அங்கே என்ன இருக்கிறதோ.

நேற்று செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து
கை கழுவிவிட்டுத் தூக்கினேன்.
முழங்கையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.
கீழே கிடத்தும்போது பிருந்தா லைட்டைப் போட்டாள்.
பின்மண்டையில், அந்த இடத்துக்கு இரண்டு விரல் மேலே,
ஒரு சிவப்பு அம்புக்குறி.
பழுது கண்ட இடத்தில் ஒட்டுகிற ஸ்டிக்கர்.
என் சட்டைக் கையில் எப்போதும் நாலைந்து தொத்திக்கொண்டிருக்கும்.

நான் ஒட்டலை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.
அவள் பேசவில்லை.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி
ஒரு முடிகூடப் பிய்யாமல் எடுத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
விரல் நுனியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து
என் நெற்றியில் ஒட்டினாள்.
சிரித்தோமா என்று நினைவில்லை.

தூங்கும்போதே அளந்துவிடலாம் என்று
பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
தன்ஷிகா கண் விழித்தாள்.
முனையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.
பல் முளைக்காத ஈறுக்குள்
ஒன்று, இரண்டு, மூன்று போய்விட்டன.
நாலு பாதி தெரிகிறது, எச்சில் பட்டு.

சனிக்கிழமை பத்து மணிக்குள் ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
விடு அம்மிணி, என்கிறேன்.
விடுகிற மாதிரி இல்லை.